தோப்புக்குப் போன தண்ணீர்

முதலில் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கழிவுத் தொட்டி என்றதும் எல்லாருக்கும் பீதான் நினைவுக்கு வரும், மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதில் கை வைத்தவனுக்குத்தான் தெரியும், பீ கரைந்து போய்விடும், முடி போகாது. நாற்பது ரூம்களில் குளிப்பவர்களின் தலைமுடி கால்வாயில் உருண்டு வந்து, சோப்பு நுரை, சோற்றுப் பருக்கை, ஷாம்பு பாக்கெட், பீடித் துண்டு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு, தொட்டியின் கம்பி வலையில் செத்த பெருச்சாளி மாதிரி மாட்டி நிற்கும். குச்சியால் இழுத்தால் அறுந்து பாதி உள்ளே போய்விடும். கையால்தான் பிடுங்க வேண்டும். ஒன்பது வருடம் பிடுங்கினேன். சாப்பிடும்போது தட்டில் ஒரு முடி கிடந்தால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன்.

ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் மண்டல ஆபீசிலும் தெலுங்கு. ஊர் மேட்டில், எங்கள் காலனி பள்ளத்தில். மேட்டில் யார் எதைக் கொட்டினாலும் பள்ளத்துக்குத்தான் வரும். நைனா, அதாவது என் அப்பா, பாதி ஆயுள் அடுத்தவர் நிலத்தில் கூலி செய்தவர். அப்புறம் அரசாங்கம் காலனிக்குக் கீழே ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா கொடுத்தது. நிலத்தைக் கொடுத்தவர்கள் தண்ணீரைக் கொடுக்கவில்லை. வேர்க்கடலை போட்டால் மூன்று வருடத்தில் ஒரு வருடம் கைக்கு வரும். மற்ற இரண்டு வருடமும் விதையைக்கூட மண் தின்றுவிடும்.

நான் ஐ.டி.ஐ. படித்தேன், ஃபிட்டர். அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஆறு வருடம் வேலை செய்தேன், ஒன்பது பேர் படுக்கும் ரூமில் கால் நீட்ட இடமில்லாமல். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதே சமயத்தில் எங்கள் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வரப்போகின்றன, உள்ளூர்ப் பையன்களுக்கெல்லாம் வேலை என்று பேச்சு. மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். கம்பெனிகள் வந்தன. வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்களை ரயிலில் கூட்டி வந்தார்கள். உள்ளூர்க்காரன் அம்மன் ஜாத்திரைக்கு லீவு கேட்பானாம், சங்கம் வைப்பானாம். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் அம்பத்தூரில் நான் படுத்த மாதிரிதான் படுத்துக் கிடந்தார்கள். ஆனால் வேலை அவர்களுக்கு, அவர்கள் பேண்டது எங்களுக்கு என்று ஆனபோது வயிறு எரிந்தது.

அவர்கள் தங்குவதற்கு ரோட்டோரமாக நாற்பது லைன் ரூம் கட்டியவர் தோப்புக்காரர். மேட்டில் அவருக்குப் பெரிய மாந்தோப்பு. அந்த முறை சர்பஞ்சும், அதாவது பஞ்சாயத்துத் தலைவரும், அவர்தான். நாற்பது ரூமுக்கும் சேர்த்து ஒரு கால்வாய் வெட்டி, அதைப் பள்ளத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டுவிட்டு அவர் பாட்டுக்கு இருந்தார். கால்வாய் வந்து நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் காலனியின் ஒரே குடிதண்ணீர்க் கிணறு. கால்வாய்த் தண்ணீர் தேங்கிப் பச்சை நிறத்தில் குழம்பாக நிற்கும் குட்டையை முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் எங்கள் பெண்கள் குடத்தோடு போக வேண்டும். பன்றி அதில் புரண்டுவிட்டு எழுந்து வந்து கிணற்று மேடையில் உடம்பை உதறும். சீ, எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

காலனியில் வாந்தி பேதி வந்து நாலு பேரைச் சத்தியவேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் திருப்பதியிலிருந்து ஒரு இன்ஜினியர் மேடம் வந்தார். தெலுங்குக்காரர், எங்களுக்காகத் தமிழில் தட்டுத்தடுமாறிப் பேசுவார். மூன்று அறை உள்ள மூடிய தொட்டி, அதற்கு அடுத்து ஜல்லி கொட்டி நாணலும் கல்வாழையும் நட்ட ஒரு படுகை, கடைசியில் ஒரு சின்னக் குளம் என்று கட்டவைத்தார். அழுக்கு தொட்டியில் அடங்கும், மிச்சத்தை ஜல்லியும் வேரும் பிடித்துக்கொள்ளும், குளத்துக்கு வரும் தண்ணீரைப் பயிருக்கு விடலாம் என்றார். தொட்டி வேலை செய்ய வேண்டுமானால் உள்ளே நல்ல கிருமி வளர வேண்டுமாம். "பாலுக்கு ஒற குத்தறீங்க இல்ல, அந்த மாதிரி" என்று சொல்லி, ஒரு வண்டி மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னார். சாணம் என்றதும் மேட்டுத் தெருக்காரர்கள் நான் நீ என்று கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். அதோடு சரி. அதற்கப்புறம் அவர்களில் ஒருத்தர் அந்தத் திசைக்கே வரவில்லை.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பஞ்சாயத்து ஆபீசில் பேச்சு வந்தது. மேடம் பொதுவாகத்தான் கேட்டார். தோப்புக்காரர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, எங்கள் பக்கம் திரும்பி, "ஏமிரா, ஒங்க காலனியில எவன் வர்றீங்க" என்றார். மேட்டில் சும்மா உட்கார்ந்து சீட்டாடும் டிகிரிக்காரர்கள் எத்தனை பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தனைப் பார்த்து அந்தக் கேள்வி வரவில்லை. கேட்டவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, சுற்றி இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. தொட்டி நாற்றத்தை விட அந்த ஒரு திரும்பல்தான் எனக்குக் குமட்டியது.

ஆனாலும் நான் கையைத் தூக்கினேன். ஏன் என்றால், குளத்திலிருந்து வழியும் தண்ணீர் தானாகவே இறங்கி வந்து சேரும் இடம் எங்கள் ஒன்றரை ஏக்கர். தொட்டியைப் பார்ப்பவனுக்கே தண்ணீர் என்றால் பார்க்கிறேன் என்றேன். மேடம் சரியென்றார். அந்தப் பீத்தண்ணீர் யாருக்கு வேண்டும் என்ற நினைப்பில் தோப்புக்காரரும் எல்லார் முன்னாலும் சரியென்றார். தண்ணீர் வந்தால் நான் ஊரோடு இருப்பேன், நைனா நிலத்தில் நிற்பார். வராவிட்டால் எனக்கு மறுபடியும் அம்பத்தூர், அவருக்கு மறுபடியும் கூலி. கணக்கு அவ்வளவுதான்.

வீட்டில் நைனா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "எங்க நைனா செத்த மாடு தூக்கினாரு. நான் அத வுட்டேன். ஒன்ன ஐ.டி.ஐ. படிக்க வச்சது பீ தொட்டியில எறங்கறதுக்காடா" என்றார். நான் பதிலுக்குக் கத்தினேன். "தண்ணி ஒனக்கு வேணுமா வாணாமா, அத மட்டும் சொல்லு." அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா மட்டும், "நாத்தம் அடிக்காம பாத்துக்கினு செய்டா" என்றாள். நாற்றம் அடிக்காமல் எப்படிச் செய்வது என்று நான் கேட்கவில்லை.

மேடம் கொடுத்த ரப்பர் கையுறை இரண்டு மாதத்தில் கிழிந்தது, வேறு வரவில்லை. காலையில் வலையில் மாட்டியதைப் பிடுங்குவேன். முதல் அறை மூடியைத் தூக்கினால் மேலே தோசைக்கல் கனத்துக்கு ஏடு கட்டியிருக்கும், பழுப்பும் சாம்பலுமாக, அதில் புழு நெளியும். அதை வாளியில் அள்ள வேண்டும். அள்ளும்போது உடைந்தால் உள்ளேயிருந்து அழுகின முட்டை வாசம் மூஞ்சியில் அடிக்கும். டீக்கடையில் எனக்குப் பேப்பர் கப். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். "சுத்தத்துக்குதான் தம்பி" என்றான் கடைக்காரன். அவன் கடைக் கழிவும் என் தொட்டிக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

நாலாவது மாதம் குளத்தில் தண்ணீர் தெளிந்தது. தட்டான் வந்து உட்கார்ந்தது. கிணற்றோரக் குட்டை காய்ந்து வெடித்தது. நிலத்தில் நேப்பியர் தீவனப் புல் நட்டோம், அது சித்திரை வெயிலில் இடுப்பளவு நின்றது. சுற்றிலும் போர்வெல் எல்லாம் வற்றிப் புகை கக்கிக்கொண்டிருந்த வருடம் அது. இரண்டு மாடு பிடித்தோம். என்னைத் தொட்டால் குளிக்க ஓடுகிறவர்கள் அந்தப் புல் தின்ற மாட்டின் பாலை முகம் சுளிக்காமல் குடித்தார்கள். பாலில் தெரியாது இல்லையா. நைனா விடிந்தால் நிலத்தில் இருந்தார். தோப்புக்காரரும் சில நாள் வரப்பில் வந்து நின்று துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு புல்லைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் தோப்பில் அந்த வருடம் பிஞ்செல்லாம் கருகிக் கொட்டியிருந்தது.

எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அம்மா நகரிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்தாள். பையனுக்குத் தண்ணி ஆபீசில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். அவர்கள் வீடு பார்க்க வருவதாக ஒரு நாள் குறித்தார்கள்.

இங்கே அம்மாவின் வேலையைச் சொல்ல வேண்டும். அவள் பஞ்சாயத்தில் தினக்கூலி. தெரு கூட்டுவாள். கலெக்டர், எம்.எல்.ஏ. யாராவது வந்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவாள். எங்கள் பக்கத்தில் சுத்தம் என்றால் அதுதான். குப்பை கிடந்த இடத்திலேயே கிடக்கும், அதன் ஓரமாக வெள்ளைக் கோடு ஓடும், வருகிறவர் அதைப் பார்த்துக்கொண்டே காரில் போய்விடுவார். இருபது வருடம் அந்தக் கோட்டைப் போட்ட பெண்பிள்ளை, தன் வீட்டுக்குச் சம்பந்தி வரும்போது வேறு என்ன செய்வாள்? காலனித் தெருவுக்கு இரண்டு பக்கமும் கோடு போட்டாள். நான் மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்த நேரத்தில், பஞ்சாயத்து ஸ்டோரிலிருந்து மிச்ச மூட்டை இரண்டையும் ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துத் தூக்கிப் போய், மூடியை நகர்த்தி என் தொட்டியில் கொட்டினாள். கூடவே ஒரு கேன் பினாயில்.

நகரிக்காரர்கள் வந்தபோது காற்றில் ஆஸ்பத்திரி வாசனைதான் இருந்தது. சுத்தமான ஊரு என்று பெண்ணின் நைனா சொன்னார். காபி குடித்தார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் தொட்டி செத்தது. உள்ளே இருந்த நல்லது அத்தனையும் செத்துப்போய், வந்த அழுக்கு கரையாமல் அப்படியே ஜல்லிக்குள் போய் அடைத்துக்கொண்டது. நாணல் மஞ்சளாகிச் சாய்ந்தது. குளம் தார் மாதிரி கறுத்தது. அது நிலத்துக்கு வந்து புல்லை அடியோடு பொசுக்கியது. நாற்றம் என்றால் அதுவரை இருந்ததெல்லாம் நாற்றமே இல்லை. பினாயிலும் பீயும் அழுகின வேரும் கலந்து மேட்டுத் தெரு வரைக்கும் ஏறிப் போனது. நகரியிலிருந்து சொல்லியனுப்பினார்கள், இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று. யாரோ புண்ணியவான் போய் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

மூடியைத் தூக்கியபோது சுவரெல்லாம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அம்மாவின் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய், "இன்னா பண்ணி வச்சிக்கீற நீ" என்றேன். "நாத்தம் அடிக்கக் கூடாதுன்னுதான்டா" என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தொட்டிக்குள் உயிர் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மேடம் எனக்குச் சொன்னார். நான் வீட்டில் சொன்னேனா? வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று இருந்தது.

அடுத்த நாள் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூடினார்கள். ஸ்டோரில் இரண்டு மூட்டை காணோம் என்பது தெரிந்துவிட்டது. தோப்புக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, "எவன்டா கொட்டினது" என்றார். அம்மா பெண்கள் பக்கத்தில் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உண்மையைச் சொன்னால் பஞ்சாயத்துக் கூலி போகும், திருட்டுப் பட்டமும் சேரும்.

"நான்தான் சார்" என்றேன்.

"எதுக்கு?"

"நாத்தத்துக்கு."

"தெரியாத வேலைய எதுக்குடா எடுத்துக்கினே" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே யோசித்து வைத்ததைப் படிக்கிற மாதிரிச் சொன்னார். தொட்டியைக் கெடுத்தவனுக்குத் தண்ணீர் மேல் பாத்தியம் கிடையாது. தண்ணீர் ஊர்ப் பொது. இனிமேல் மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி, ஊருக்கு உபயோகமாகத் தோப்புக்கு விடுவது. தொட்டி வேலையை வேண்டுமானால் இவனே பார்க்கட்டும். நைனா எழுந்து, "சாமி, அந்த நெலம் மட்டும்தான் எங்களுக்கு" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அதிகமாக அருவருப்பு வந்தது அம்மா மேல். எனக்காக அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயையே திறக்கவில்லை.

போங்கடா என்று தொட்டியை விட்டுவிட்டேன். பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பதினோராம் நாள் அடைத்த தொட்டி வழிந்து, பழைய தடத்தைப் பிடித்துக்கொண்டு கிணற்றைப் பார்த்து ஓடிவந்தது. மேட்டுக்காரர்களுக்கு என்ன, அவர்களுக்குத் தனி போர்வெல், தனிக் குழாய். குடிக்கப் போவது எங்கள் ஜனம். தோப்புக்காரருக்கு இது தெரியும். அதனால்தான் வேறு ஆள் தேடவே இல்லை. நான் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினேன். ஜல்லியை முழுக்க வெளியே வாரிக் கழுவி, திரும்பக் கொட்டி, சாணம் கரைத்து ஊற்றி, தொட்டிக்கு உயிர் வர இரண்டு மாதம் ஆனது. தண்ணீர் தெளிந்த அன்றைக்கே தோப்புக்காரர் மோட்டாரைப் போட்டார். மாடுகளை விற்றோம். நைனா அடுத்தவர் நிலத்துக்குக் கூலிக்குப் போனார். காலனிக்குக் குழாய்த் தண்ணீர் வரும்வரை, அந்த ஒரு கிணற்றுக்காக, நான் தொட்டியிலேயே கிடந்தேன். அம்மாவும் நானும் ஒரே வீட்டில் இருந்தும், வேண்டியதுக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

மோட்டார் போட்ட அடுத்த வருடம் தோப்பு காய்த்துத் தள்ளியது. சித்தூர் ஜூஸ் கம்பெனிக்கு லாரி லாரியாகப் போனது. ஒரு நாள் நான் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்தபோது கூடத்தில் ஒரு கோணிப்பை மாம்பழம் இருந்தது. சர்பஞ்சு கொடுக்கச் சொன்னாராம். நைனா ஒன்றை அறுத்துத் தின்றுகொண்டிருந்தார். "நல்லாதான் கீது" என்றார், யாரையும் பார்க்காமல். மிச்சத் துண்டுகள் தட்டில் இருந்தன. அம்மா தட்டைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"நீ துன்னலயா" என்றேன்.

"நான் எப்பிடிடா துன்றது" என்றாள். "என்னாலதான அது அங்க போச்சு. நீ எம்பேர சொல்லாம நின்னே. நான் வாய தொறக்காம நின்னேன்." அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. சொல்லிவிட்டு அழுதாள்.

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன். நல்ல துண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து, "துன்னும்மா, பரவால்ல" என்று அவள் வாய்க்கு நேராக நீட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். திறந்தவள் என் விரல்களைப் பார்த்தாள். உதடு மூடிக்கொண்டது. முகம் ஒரு விரற்கடை பின்னால் போனது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும்.

"கைய கழுவிக்கினு வாடா" என்றாள்.

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன். துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, மூன்றாவது முறை கழுவ எழுந்து போனேன்.